வாசிக்க இயலாத காலம்

காய்ச்சலில் படுத்தவன் குணமானதும் பழைய மனிதனாகவே எழுந்து நடமாடுகிறான். ஆனால் வாத்தியம் வாசிப்பவரின் விரலிலோ உதட்டிலோ மூச்சிலோ ஒரு வியாதி வந்து நிலைத்துவிட்டால், அவர் பிழைத்திருந்தும், உண்டு உறங்கி ஊராரோடு பேசிச் சிரித்திருந்தும், தாம் யார் என்ற கேள்விக்கு மட்டும் விடை தெரியாதவராகி விடுகிறார். முன்பற்கள் விழுந்து, சீவாளியைத் தாங்கும் உதட்டின் பிடி தளர்ந்துபோன நாகஸ்வர வித்துவானை ஊர் நோயாளியாக எண்ணுவதில்லை. தோள்மூட்டு இறுகிய மிருதங்கக்காரரையும் அப்படித்தான். வயதானால் வருவதுதானே என்று சொல்லிவிட்டு எல்லாரும் தத்தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவரோ உறைபோட்டுச் சாத்திய வாத்தியம் இருக்கும் அறையைக் கடந்து போவதற்கே அஞ்சிக்கொண்டு காலம் கழிக்கிறார்.

அம்பாசமுத்திரத்தில், தாமிரபரணியின் தண்ணீரைக் குடித்து, அகத்தியர் வீணை வாசிக்கப் பொதிகை மலை உருகிற்று என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு வந்தது முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய சக்தியே பகைவன் இன்னான் என்று அறியாமல் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் உண்டாகும் இந்த நோயில், காலையில் கண் விழிக்கும்போது விரல்கள் வீங்கி விறைத்திருக்கும். பொழுது ஏறினால்தான் சற்றே இளகும். வீணையின் இடக்கை விரல்கள் தந்தியை மெட்டின்மேல் அழுத்துவதோடு நிற்பவையல்ல. எஃகுத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டிலிருந்து இரண்டு மூன்று ஸ்வரங்களின் நாதத்தைக் கறந்தெடுப்பவை. கமகம் என்று நாம் போற்றுவதெல்லாம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. வைத்தியர், தந்தியை இழுக்கக் கூடாது என்றார். இழுக்காமல் வீணை வாசிப்பது எப்படி என்று அவரைக் கேட்பதில் பயனில்லை என்று தோன்றியதால் நான் கேட்கவில்லை.

பல ஆண்டுச் சாதகத்தில் தந்தி பதிந்து பதிந்து விரல் நுனியில் ஒரு காய்ப்பு உண்டாகும். அதன் நடுவே தந்தி ஓடிய தடம் கோடாக விழுந்திருக்கும். வாசிப்பு நின்ற சில மாதங்களில் என் விரல்களில் அந்தக் காய்ப்பு உரிந்து, தடம் மறைந்து, தோல் மிருதுவாகிவிட்டது. மூட்டு வலியைப் பொறுத்துக்கொண்டவளுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த நாட்களில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் நல்ல உள்ளத்தோடுதான் வந்தார்கள். வாசிக்க முடியாவிட்டால் என்ன, கேட்டு அநுபவிக்கலாமே என்றார்கள். வாசித்துப் பழகிய கைக்குக் கேட்பது என்பது ஆரம்பத்தில் ஆறுதலாக இராது என்பதை அவர்கள் அறியார். பாட்டு தொடங்கியதும் விரல்கள் தொடையின்மேல் தாமாகவே மெட்டுத் தேடும், தேடியதும் வலி எழும், வலி எழுந்ததும் இழந்தது இன்னதென்று மறுபடியும் நினைவுக்கு வரும். துக்கத்தை அதற்குரிய காலம் இருக்க விடாமல், வந்த அன்றே தத்துவம் பேசி வெளியேற்றப் பார்ப்பது சரியன்று என்பதே என் அபிப்பிராயம். ஒரு வித்தையை உயிரினும் மேலாக நேசித்தவர் அதை இழந்து அழுவதில் அகௌரவம் ஒன்றும் இல்லை.

என் சிந்தனையை ஒரு நிலையில் நிறுத்தியது, நம் திருநெல்வேலிச் சீமையில் உயிர்நீத்த ஒரு பெரியவரைப் பற்றிய பழைய செய்தி. கீர்த்தனாசிரியர் முத்துசாமி தீட்சிதரின் சீடராகத் தம்பியப்பன் என்பவர் இருந்தார். திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசிக்கும் கைங்கரியம் அவருடையது. கொடிய வயிற்றுவலியால் அவர் அந்தக் கைங்கரியத்தைச் செய்ய இயலாமல் வருந்தியபோது, குரு கிரகத்தின் பீடையே காரணம் என்று கண்ட தீட்சிதர், அடாணா ராகத்தில் பிருகஸ்பதியைப் பற்றி ஒரு கீர்த்தனை செய்து, அதைப் பாடி வரும்படி அவருக்கு அருளினார் என்றும், அவர் குணமடைந்தார் என்றும், நவக்கிரகக் கீர்த்தனைகள் பிறந்த வரலாறாகச் செவிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கிரக பலனைப் பற்றி வாதிப்பது என் நோக்கமன்று. மத்தளம் வாசிப்பவருக்கு, மத்தளம் வாசிக்க முடியாத வேளையில், குரு கொடுத்தது வாயால் பாடும் பாட்டு என்பதையே நான் பலகாலம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். இளைப்பாறு என்று அவர் சொல்லவில்லை. சங்கீதத்தை மறந்து வேறொன்றில் மனத்தைச் செலுத்து என்றும் சொல்லவில்லை. நோய் ஒரு வாசலை அடைத்துவிட்டதென்றால் அதே வீட்டுக்குள் நுழைய இன்னொரு வாசலைக் காட்டினார். வாத்தியத்தை இழந்தவருக்கு மருந்து சங்கீதத்துக்கு வெளியே இல்லை என்ற என் நம்பிக்கை அந்தக் கதையிலிருந்து பிறந்தது.

அந்தத் தீட்சிதர் 1835ஆம் ஆண்டுத் தீபாவளியன்று தேகத்தை விட்டது எட்டயபுரத்தில். இன்று தூத்துக்குடி ஜில்லாவில் சேர்ந்துவிட்டாலும் அது பழைய திருநெல்வேலிச் சீமைதான். அதே எட்டயபுரத்துக்கு, அந்த நூற்றாண்டின் முடிவில், சின்னசாமி முதலியார் என்ற பெரியவர் வந்தார். நம் கீர்த்தனைகள் வாய்மொழியாகவே இருந்து அழிந்துபோகாமல் இருக்கவேண்டுமென்று, மேனாட்டு ஸ்வரலிபியில் அவற்றை எழுதி அச்சிடும் மகத்தான காரியத்தைத் தனியொருவராக மேற்கொண்டு, தம் பொருளையும் உடல்நலத்தையும் அதற்கே செலவிட்டவர் அவர். கண் பார்வை பாழாயிற்று. எழுத்தே தொழிலாகக் கொண்டவருக்குப் பார்வை போவதும், வைணிகருக்கு விரல் போவதும் ஒன்றேயல்லவா? அவர் தம் விதியை நொந்துகொண்டு ஒதுங்கிவிடாமல், தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் நூலாக எழுதி வெளியிடச் செய்யவேண்டும் என்று எட்டயபுரம் மகாராஜாவிடம் பிரார்த்தித்தார். அதன் விளைவுதான் 1904ஆம் ஆண்டில் அங்கேயே அச்சாகி வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. முதலியார் அந்த நூலைக் காண இருக்கவில்லை, முன்னரே காலமாகிவிட்டார். தம் கை எழுத முடியாததை இன்னொருவர் கையால் எழுதுவித்த அந்த மனிதரை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. கச்சேரி செய்து புகழ் பெற்ற பலரினும் அவர் பெரிய சங்கீதக்காரர் என்றே நான் கருதுகிறேன்.

அந்த நூலில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகள் அமைத்து, அவை வீணையில் எப்படி எழுகின்றன என்பதையும் விளக்கியிருக்கிறார். கை வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பக்கங்களை நான் மரியாதையோடு புரட்டியிருக்கிறேனே தவிர, பசியோடு படித்ததில்லை. பசி பின்னால், ஒரு மாணவியின் கேள்வியால் வந்தது. அடுத்த வீட்டுப் பெண் ஒருத்திக்கு நான் வீணை சொல்லிக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் அவளுக்கு ஓர் இடம் வராவிட்டால் வீணையை என் பக்கம் திருப்பி, இப்படி என்று வாசித்துக் காட்டினால் போதும். இப்போது அது முடியாது. நெல்லையப்பர்மேல் தீட்சிதர் செய்த தேவகாந்தாரி ராகக் கீர்த்தனையை அவளுக்குத் தொடங்கியபோது, அவள் கையில் அது ஆரபியாகவே விழுந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் ஸ்வரங்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆரபி நேராக விரைந்து செல்வது, தேவகாந்தாரி நிதானமாக அசைந்து நடப்பது. நான் பாடிக் காட்டினேன்.

“ஆச்சி, நீங்க பாடுனது காதுக்குக் கேக்கு, கைக்கு வரமாட்டேங்கு. ரிஷபத்த அந்த மெட்டுலயே நின்னு அசைக்கணுமா, கீழ் மெட்டுல இருந்து இழுக்கணுமா?” என்று கேட்டாள்.

இத்தனை ஆண்டுகள் வாசித்த எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. ஏனெனில் அந்த ஞானம் என் விரலில் இருந்ததேயன்றி அறிவில் இருந்ததில்லை. அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு, விரலை அசைக்காமல், மனத்துக்குள்ளேயே அந்தக் கீர்த்தனையை வாசித்து, ஒவ்வோர் இடத்திலும் எந்த விரல் எந்த மெட்டில் எவ்வளவு இழுத்தது என்று தேடலானேன். ஒரு பல்லவிக்குப் பல இரவுகள் பிடித்தன. கை ஆரோக்கியமாக இருந்தவரை எனக்குக் கிட்டாத ஒரு பரிச்சயம் அப்போது அந்த ராகத்தோடு ஏற்பட்டது என்று சொன்னால் அது மிகையன்று. அதற்காக நோயை வரப்பிரசாதம் என்று கொண்டாட நான் சித்தமாக இல்லை. கை இருந்தால் கையைத்தான் விரும்புவேன்.

குமார் கந்தர்வரின் சரித்திரத்தையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். இளம் பிராயத்திலேயே கீர்த்தி பெற்ற அந்த ஹிந்துஸ்தானிப் பாடகர் க்ஷயரோகத்தால் பீடிக்கப்பட்டு, 1948இல் மாளவத்திலுள்ள தேவாஸ் நகருக்குச் சென்று, பாடவே கூடாதென்ற வைத்தியர் கட்டளையின்கீழ்ச் சில ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். கிடந்தவர் அவ்வூர்ப் பெண்களும் பரதேசிகளும் பாடிச் செல்லும் நாடோடிப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். புதிய மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசினால் பிழைத்து மீண்டும் பாடவந்தபோது, ஒரு நுரையீரலை நோய் பாழாக்கியிருந்ததால் நீண்ட மூச்சு இல்லை. சிறு சிறு வாக்கியங்களாகப் பாடும் அவருடைய புதிய பாணியும், கேட்ட பாட்டுகளிலிருந்து அவர் கண்டெடுத்த புதிய ராகங்களும் சங்கீத உலகத்தையே திடுக்கிடச் செய்தன. ஆயினும் இதை நோயாளிகளுக்குத் தைரியம் சொல்லும் கதையாக மட்டும் உபயோகிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எல்லாரும் திரும்பி வருவதில்லை. பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர் உடல்நலக் குறைவால் கச்சேரி மேடையை விட்டு விலகியவர், 1949இல் சென்னையில் தொடங்கிய கர்நாடக சங்கீதக் கல்லூரியின் தலைமையை ஏற்று, மேடைக்குத் திரும்பாமலே ஒரு தலைமுறைக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அவர் வழிதான் அருகில் இருக்கிறது.

இத்தகைய நோயாளி உள்ள வீட்டாருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கண்ணில் பட்டால் வருந்துவார் என்று வாத்தியத்தைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்; விற்கலாமா என்று அவர் காது கேட்கப் பேசாதீர்கள். பாட்டு வைக்கலாமா, வேண்டாமா என்று அவரையே கேளுங்கள். இன்று வேண்டாம் என்றால் நாளைக்கு மறுபடியும் கேளுங்கள். வாசிக்கப்படாத வீணையில் மெழுகு உலர்ந்து மெட்டுகள் நிலைபெயரும். ஆகையால் வாத்தியத்தின் க்ஷேமத்துக்கும் அதை யாராவது தொட்டுக்கொண்டிருப்பதே நல்லது.

இன்னமும் வானொலியில் வீணை கேட்டால் நிறுத்திவிடச் சொல்லும் நாட்கள் எனக்கு உண்டு. அதற்காக நான் வெட்கப்படுவதில்லை. வீணை கூடத்திலேயே இருக்கிறது. பிரடையை முறுக்க என் கைக்கு வலு இல்லையாதலால், நான் காதால் கேட்டு ஏற்று, இறக்கு என்று சொல்ல, அந்தப் பெண்தான் சுருதி சேர்க்கிறாள். சாரணித் தந்தி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பஞ்சமத் தந்திதான் சற்று முரண்டு செய்கிறது. என் துணையின்றி அதை அவளே சேர்க்கக் கற்ற பிறகு தீட்சிதர் ஹேமவதி ராகத்தில் செய்த காந்திமதியம்மை கீர்த்தனையைத் தொடங்குவதென்று இருவரும் தீர்மானித்திருக்கிறோம்.