தொடும் கையும் காக்கும் நெஞ்சும்

ஒன்றைக் காக்க வேண்டுமாயின் அதன்மீது அன்பு வேண்டும். அன்பு பிறக்க அதனை அறிதல் வேண்டும். அறிய வேண்டுமாயின் அருகில் செல்லல் வேண்டும். ஆனால், அருகில் செல்லும் அடிகளே அதனை அழிக்குமாயின் செய்யத்தக்கது யாது?

சிங்கப்பூரின் உபின் தீவில், கிழக்குக் கோடியில், செக் ஜாவா என்னும் கடற்கரை உள்ளது. சதுப்புநிலக் காடும், மணல்வெளியும், கடற்புல் பரப்பும், பாறைக்கரையும் அங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. அதனை மண்ணிட்டு நிரப்பும் திட்டம் ஒன்று இருந்தது. 2001ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலர்கள் பொதுமக்களை அங்கு அழைத்துச் சென்று காட்டினர். கண்டவர்கள் அரசுக்கு வேண்டுகோள் விடுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. காணாத கரைக்காக எவர் குரல் கொடுப்பர்?

ஆயினும், காக்கப்பட்ட கரைக்கு மக்கள் திரண்டு வந்தபோது வேறொரு கவலை எழுந்தது. அன்புடன் வந்த கால்களும் கடற்புல்லை மிதிக்கவே செய்யும். 2007ஆம் ஆண்டில் அங்கு நடைபாலம் திறக்கப்பட்டது. எனினும், பாலத்தின்மேல் நின்று பார்ப்பதும், ஈர மணலில் குனிந்து ஓர் உயிரை உணர்வதும் ஒன்றாகா.

இவ்விடத்தில்தான் தொண்டரின் பணி தொடங்குகிறது. கடல்நீர் வற்றும் வேளை பார்த்து, ஊதியம் கருதாது வரும் அவர், உயிரினங்களின் பெயர்களை மட்டும் கற்பிப்பதில்லை. ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினால், அதனை முன்பிருந்தவாறே திருப்பி வைக்கிறார். அதன் நிழலில் வாழும் சிற்றுயிர்கள் வெயிலில் மடிந்துவிடும் என்பதை அவர் அறிவார். ஆவலுடன் கை நீட்டும் சிறுவனிடம், "நட்சத்திர மீனை நீரைவிட்டு எடுக்காதே" என்று தடுக்கவும் அவர் தயங்குவதில்லை.

படங்களைக் கொண்டே கற்பிக்கலாகாதா என வினவுவோர் உண்டு. படம் அறிவைத் தரும், அடக்கத்தைத் தருமா? தீண்டினால் துன்புறும் உயிர் எதிரே இருக்கும்போதுதான் கை தன்னைத் தடுத்துக்கொள்ளப் பழகுகிறது.

மறுபுறம், பாடப்பொருளாக இருக்க எந்த உயிரும் இசைவு தந்ததில்லை. எத்துணைக் கவனமாக நடப்பினும் சிறு தீங்கேனும் நேரவே செய்யும். எனவே, தொட்டு அறிதல் மனிதனின் உரிமையன்று. அது அவன் பெறும் கடனே ஆகும். கண்டு மகிழ்ந்து மறப்பவன் அக்கடனைத் தீர்க்காதவன். அக்கரைக்கு மீண்டும் ஓர் இடர் நேரும்போது வாய் திறப்பவனே அதனைத் தீர்ப்பவன். திருப்பி வைக்கப்பட்ட அந்தக் கல்லே தொண்டர் கற்பிக்கும் முதற்பாடம் எனலாம்.