எச்சம்

தமிழில் 'எச்சம்' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. எஞ்சி நிற்பது எச்சம். ஒருவர் தமக்குப் பின் விட்டுச் செல்லும் மக்களும் எச்சமே. கல்லாகிப் பாறைக்குள் கிடக்கும் பழங்கால உயிர்களின் எலும்பையும் பல்லையும் அறிஞர் 'தொல்லுயிர் எச்சம்' என்கின்றனர். கல்லில் எச்சம் வைத்துப் போன உயிர்களுள் பல, வழித்தோன்றல் என்னும் எச்சத்தை வைக்காமலே மறைந்தன. அவற்றின் வாழ்வு வீண்தானா? இவ்வினா விலங்கியலோடு நின்றுவிடுவதன்று.

குஜராத் மாநிலம் சூரத் மாவட்டத்தில், வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், ஏறக்குறைய 5 கோடியே 45 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பாலூட்டிகளின் எலும்புகள் கிடைத்தன. இந்திய நிலப்பரப்பு ஆசியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. அவ்விலங்குகளுள் ஒன்றுக்கு 2005ஆம் ஆண்டில் 'காம்பேதேரியம்' என்று பெயரிட்டனர். குதிரை, காண்டாமிருகம் போன்ற ஒற்றைப்படைக் குளம்பு விலங்குகளின் முன்னோர் எவ்வாறு இருந்திருக்கக்கூடும் என்பதை ஊகித்தறிய அதன் எலும்புகள் பெரிதும் உதவுகின்றன. ஆயினும் அது குதிரையின் மூதாதை அன்று. நெருங்கிய உறவு மட்டுமே. அதன் கிளை தழைக்காமல் பட்டுப்போயிற்று.

அதே சுரங்கத்தில், நாமும் குரங்குகளும் அடங்கிய முதனி வரிசையைச் சேர்ந்த சிற்றுயிர்களின் எச்சங்களும் கிடைத்துள்ளன. இவற்றிலும் பழமையானது, பெல்ஜியம் நாட்டு டோர்மாலில் கிடைத்த ஒரு சிறு முதனி. ஏறக்குறைய 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அது, உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவினது. 1927ஆம் ஆண்டில் அதனை விவரித்து எழுதியவர் இயேசு சபைக் குருவான தெயார் தெ சார்தான். 1940இல் அமெரிக்க அறிஞர் சிம்சன் அவர் நினைவாக அதற்குத் 'தெயார்தினா' என்று பெயரிட்டார்.

இச்செய்திகளைக் கேட்கும்போது, இவையெல்லாம் மனிதன் ஏறி வருவதற்கு இறைவன் வைத்த படிக்கட்டுகள் என்று எண்ணத் தோன்றும். அப்படியானால், படியாகாத காம்பேதேரியம் எதற்கு?

தொடக்க நூலின் முதல் அதிகாரத்தைக் கவனித்துப் பாருங்கள். மனிதன் படைக்கப்படுமுன்பே, கடலுயிர்களையும் பறவைகளையும் காட்டு விலங்குகளையும் கண்டு, நல்லது என்று இறைவன் மகிழ்கிறார். நமக்குப் பயன்படுமா என்று அங்கே கேட்க ஒருவருமில்லை. இறைவனின் நன்மையை ஒரே படைப்பால் வெளிப்படுத்த இயலாமையால்தான் படைப்புகள் பலவாயின என்பது புனித தோமஸ் அக்குவினாஸின் விளக்கம். பிற உயிர்களின் இறுதி நோக்கம் நம்மில் இல்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார்.

இதனால் மனித மாண்பு குறைந்துவிடுமோ? குறையாது. மனித உடல் முந்தைய உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என ஆராய்வதற்குத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1950இலேயே இடமளித்தார். ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதையும் வலியுறுத்தினார். பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று இரண்டாம் ஜான் பால் 1996இல் கூறினார். நம் மாண்பு இறைவன் நம்மை விரும்பி அழைத்ததில் வேர்கொண்டுள்ளது.

ஆனால் நம் ஊர்களில் வழங்கும் அளவுகோல் வேறு. பிள்ளையில்லாத தம்பதியரைச் சுபகாரியங்களில் ஒதுக்கி நிறுத்துகிறோம். உழைக்க முடியாத முதியவரைச் சுமை என்கிறோம். மனவளர்ச்சி குன்றிய குழந்தையால் யாருக்கு என்ன பயன் என்று, பெற்றோர் காதுபடவே பேசுகிறோம். திருப்பலியில் அருகருகே அமரும் நாம்தாம் இப்படிப் பேசுகிறோம். எதையும் 'விட்டுச் செல்லாத' வாழ்வு வீண் என்பதே இப்பேச்சுகளின் உட்பொருள். குழந்தைப்பேறற்ற உண்மையுள்ளோருக்குப் புதல்வர் புதல்வியரினும் சிறந்த பெயரைத் தம் இல்லத்தில் தருவதாக எசாயா நூலில் ஆண்டவர் வாக்களித்ததை மறந்துவிடுகிறோம்.

இத்தனை கோடி உயிர்கள் ஏன் துன்புற்று மடிந்தன என்ற வினா இன்னும் எஞ்சுகிறது. அதற்கு முழு விடை தரும் துணிவு எனக்கில்லை. ஆனால் நம் ஆண்டவரும் வழித்தோன்றல் எவரையும் விட்டுச் செல்லாமல், தோற்றவர்போல் சிலுவையில் மரித்தார் என்பதை அறிவேன். அவ்வாழ்வை வீண் என்று சொல்லாத நாம், வேறெந்த வாழ்வையும் அப்படிச் சொல்ல உரிமையற்றவர்கள்.