பெரிய கோயிலுக்குப் புறப்படுமுன்

தஞ்சைப் பெரிய கோயிலைத் தரிசித்து வரவேண்டும் என்ற ஆவல் ஒருவருக்கு உண்டானவுடன் அவர் முதலில் செய்கிற காரியம், விடியற்காலையில் தஞ்சாவூர், உச்சிப்பொழுதில் தாராசுரம், கும்பகோணத்தில் ஆகாரம், பொழுது சாய்வதற்குள் கங்கைகொண்ட சோழபுரம் என்று ஒரு பகலுக்குள் மூன்று மகா க்ஷேத்திரங்களையும் அடக்கிவிடும் ஓர் அட்டவணை தயாரிப்பதாக இருக்கிறது. வடக்கே உத்தியோகம் பார்க்கும் என் தமையனார் மகளும் அப்படித்தான் ஒன்று தயாரித்து அனுப்பியிருந்தாள். அதன் அடியில் ஒரு வேண்டுகோளும் இருந்தது: "கருவறையைச் சுற்றியுள்ள சோழர் காலச் சித்திரங்களைப் பார்க்காமல் திரும்பினால், இவ்வளவு தூரம் வந்ததில் என்ன பயன், சித்தப்பா? யாரிடமாவது சொல்லி அனுமதி வாங்கித் தரக்கூடாதா?"

அவளுடைய ஏக்கம் நியாயமானதே. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடைவழியில், நாயக்கர் காலத்து வண்ணப்பூச்சுக்கு அடியில் சோழர் சித்திரங்கள் மறைந்திருப்பதைக் கண்டு அறிவித்த நாளிலிருந்து, அவற்றின் பெருமையைக் கேள்விப்பட்ட எவருக்கும் அந்த ஏக்கம் வராமல் போனதில்லை. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரைத் தடுத்து ஓலையைக் காட்டி வழக்காடும் முதியவரும், வெள்ளை யானையின் மேல் கைலாயம் செல்லும் அதே சுந்தரரும், அவரோடு குதிரையில் விரையும் சேரமான் பெருமாளும் ஒரே சுவரில் இருக்கிறார்கள். மற்றொரு சுவரில் பிரமன் தேரோட்ட, திரிபுரங்களின் மீது வில்லேந்தி நிற்கிறார் சிவபெருமான். ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேல், அது உலர்வதற்குள் தீட்டி முடித்தாகவேண்டிய முறையில் எழுதப்பட்ட சித்திரங்கள் இவை. தயங்கிய கையால் இத்தகைய கோடு விழாது.

அந்த நடைவழி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவதில்லை. அது மிகவும் ஒடுக்கமானது. கூட்டம் புகுந்தால் மூச்சின் ஈரமும், விளக்கின் சூடும், தெரியாமல் உராயும் தோளும் ஆயிரம் ஆண்டு தாங்கிய வண்ணத்தைச் சில தலைமுறைகளுக்குள் அழித்துவிடும். இதே நிலைதான் அதற்கு மேல்தளத்துச் சிற்பங்களுக்கும். பரத சாஸ்திரம் கூறும் 108 கரணங்களில் 81 கரணங்களைச் சிவபெருமானே ஆடிக் காட்டுவதாக அங்கே வடித்திருக்கிறார்கள். எஞ்சிய 27-க்கும் உரிய கற்கள் உளி படாமல் வெறுமையாக நிற்கின்றன. ஆக, இந்தக் கோயிலின் தலைசிறந்த செல்வங்களுள் இரண்டு, வருகிறவர்களுக்குக் காணக் கிடைக்காதவை. பிரதானமானவற்றைப் பார்க்க முடியாது என்று முன்பே தெரிந்த ஓர் இடத்துக்கு எந்த மனத்தோடு புறப்படுவது? இந்தக் கேள்வி ஒரு பிரயாணத்தோடு நின்றுவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சித்திரக்காரனின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். பின்னால் நகர்ந்து நின்று தன் வேலையைத் தானே முழுவதும் பார்த்துக்கொள்ளக்கூட அவனுக்கு அங்கே இடம் கிடையாது. சூரிய வெளிச்சமும் இல்லை. ஊரார் திரண்டு வந்து பார்த்து மெச்சுவார்கள் என்று அவன் நம்பியிருக்க முடியாது; இறைவனுக்கு அருகில், அர்ச்சகர்களும் அரச குடும்பத்தாரும் போன்ற மிகச் சிலரே நடமாடக்கூடிய ஒரு வழியில்தான் எழுதுகிறோம் என்பதை அறிந்தே, ஓர் ஆடல் மகளின் விரல் நுனி வரையில் குறைவைக்காமல் எழுதினான். பார்ப்பாரை வேண்டாத அந்தச் சிரத்தையே ஆராதனை. அத்தகைய ஒன்றைச் செல்வாக்கையும் சிபாரிசையும் கொண்டு பார்த்துவிடத் துடிக்கும்போது, நம்முடைய ஆசை அவனுடைய வேலையின் சுபாவத்துக்கே எதிராகப் போகிறது.

காணக் கிடைக்காத கலை இருந்தென்ன, இல்லாமற் போனாலென்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருப்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. அண்மைக் காலத்தில் அச்சுவர்களைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து இணைத்து நூல்களாக வெளியிட்டிருக்கிறார்கள். நேரில் நிற்பவரின் கண்ணுக்கு ஒரே பார்வையில் அடங்காத முழுக் காட்சியும் அந்தப் படங்களில் அடங்குகிறது. கரணங்களைக் காண விரும்புவோர் சிதம்பரத்துக்குப் போகலாம். அங்கே கீழைக் கோபுர வாயிலின் இருபுறமும், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படியாக, அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகத்தோடு அவற்றைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 'நான் நேரில் பார்த்தேன்' என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஒருவர் உள்ளே போகத் துடித்தால், அதைக் கலைத் தாகம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாழ்க்கையிலும் நாம் மிகுதியாக மதிக்கிற சிலவற்றைத் தொடாமலும் திறந்து பார்க்காமலும் இருக்கச் சம்மதிக்கிறோம். அந்தச் சம்மதம் இல்லாத இடத்தில் மதிப்பு நெடுநாள் நிலைப்பதில்லை.

இனி, காணக் கிடைப்பவை. இவற்றுக்கே ஒரு பகல் போதாது. ஒரு கோயிலைப் பக்தனாகப் பார்ப்பதா, ரசிகனாகப் பார்ப்பதா என்று சிலர் மயங்குகிறார்கள். பெரிய கோயில் அந்த மயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை என்பது என் எண்ணம். கோபுரங்களைக் கடந்து, நந்தியைத் தாண்டி, சந்நிதியில் கற்பூர ஒளியில் பெருவுடையாரைத் தரிசித்து, பிறகு வெளியே வந்து வலமாகச் சுற்றும்போது, தென்புறச் சுவரில் பிட்சாடனரும் காலாந்தகரும் நடராஜரும், வடபுறத்தில் கங்காதரரும் ஒருவர்பின் ஒருவராக எதிர்ப்படுகிறார்கள். நம்பிக்கை இல்லாதவரும் அந்த வரிசையிலேயே நடந்தால், சிற்பி நினைத்த முறையில் சிற்பத்தைக் காண்பார். பிரதக்ஷிணம் என்பது கால்களால் செய்யும் வழிபாடாக இருப்பதோடு, அவசரப்படும் கண்ணை நிதானப்படுத்தும் அப்பியாசமாகவும் இருக்கிறது.

விமானத்தின் நிழல் தரையில் விழுவதில்லை என்று உடன் வருகிறவர்கள் யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஏறத்தாழ 216 அடி உயரமுள்ள அந்த விமானத்தின் நிழல், காலையிலும் மாலையிலும் பிராகாரத்தில் நீண்டு விழுவதை எவரும் காணலாம். உள்ள பெருமையே மலைபோல் நிற்கையில் இல்லாத அதிசயம் எதற்கு?

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகத் தோன்றுவது அங்குள்ள கல்வெட்டுகள்தாம். ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்த செய்தி அங்கே இருக்கிறது. தானும் தன் தமக்கையும் தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவை அனைத்தும் எழுதப்படவேண்டும் என்ற ஆணையும் இருக்கிறது. ஆனால் அதோடு அவன் நிற்கவில்லை. கோயில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர்கள், தென்சிறகா வடசிறகா, தலைவீடா இரண்டாம் வீடா என்பது வரையில் பொறித்து, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று கூலியையும் குறித்திருக்கிறான். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் என்று கணக்கிட்டு, அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டிய இடையர்களின் பெயர்களும் கல்லில் உள்ளன. ஒரு பெரிய காரியம் எத்தனை சிறிய மனிதர்களின் தினசரி உழைப்பால் நிலைக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த அரசர்கள் அதிகமில்லை. பூட்டிய கதவின் முன் ஏங்கி நிற்பவர்கள், திறந்த வெளியில் எல்லோருக்குமாக இருக்கும் இந்தச் சுவரைப் பெரும்பாலும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே என் தமையனார் மகளுக்கு எழுதிய பதிலில், தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் வேறொரு பிரயாணத்துக்கு வைத்துக்கொள்ளும்படியும், தஞ்சைக்கே ஒரு முழு நாளை ஒதுக்கும்படியும் சொன்னேன். மார்கழி, தை மாதங்கள் உத்தமம். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு அந்தக் கல் தளத்தில் நடக்க இயலாது. விடியலில் ஒரு முறையும், பகலில் சந்நிதி சார்த்தியிருக்கும் வேளையை ஓய்வில் கழித்துவிட்டு மாலையில் மறுமுறையும் போகவேண்டும். கல்வெட்டு எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் பதிப்பித்த வாசகத்தைக் கையில் கொண்டுபோய் ஒரு வரியையாவது கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதைப் படிக்கும் அன்பர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்களுக்குத் தெரிந்த அதிகாரி எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அந்த உள்வழியைத் திறந்துவிடச் சொல்லி அவரிடம் போகாதீர்கள்.