யாருடைய வீடு?

சென்ற ஆண்டு மகன் குடும்பத்தாருடன் புதுதில்லி சென்றிருந்தபோது, முன்பதிவு செய்து குடியரசுத் தலைவர் மாளிகையைக் காணும் வாய்ப்புக் கிட்டிற்று. ரைசினா குன்றின்மேல் 340 அறைகளுடன் எழுந்து நிற்கும் அக்கட்டடத்தைக் கண்டு வியந்த என் பேத்தி, “தாத்தா, இது யாருடைய வீடு?” என்று வினவினாள். எளிய வினாதான், ஆயினும், அம்பத்தூர் திரும்பிய பின்னும் அது என்னை விட்டு அகலவில்லை.

ஆங்கில அரசு தன் வைசிராய்க்கெனக் கட்டுவித்த மாளிகை அது. வடிவமைத்தவர் எட்வின் லட்டியன்ஸ். 4 ஆண்டுகளில் முடிக்கக் கருதிய பணி 17 ஆண்டுகள் நீண்டு 1929இல் நிறைவெய்தியது. தம் ஆட்சி என்றும் நிலைக்கும் என்றெண்ணியே அத்துணை வலிமையாகக் கட்டினர். ஆனால், 1947இல் ஆட்சியே கைமாறிற்று. கட்டியது 17 ஆண்டுகள். முடிந்தபின் அவர்கள் வசம் இருந்தது 18 ஆண்டுகளே!

ஆதிபுராணம் கூறும் நிகழ்ச்சியொன்று இங்கு நினைவிற்கு வருகிறது. ஆறு கண்டங்களையும் வென்ற பரதச் சக்கரவர்த்தி, தம் பெயரைப் பொறிக்க விருஷபாசலத்தை அடைந்தார். மலையெங்கும் முன்னிருந்த சக்கரவர்த்திகளின் பெயர்கள்! ஒருவர் பெயரை அழித்தே தம் பெயரை எழுத நேர்ந்தது. அவர்தம் செருக்கும் அங்கேயே அடங்கிற்று.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். பொருளன்று, பொருளின்மேல் கொள்ளும் பற்றே பரிக்கிரகம் என்பது நம் ஆசாரியர்கள் கொள்கை. அங்ஙனமாயின் மாளிகையில் வாழ்ந்தும் பற்றின்றி இருக்கலாமே? இருக்கலாம். ஆனால், “எனக்குப் பற்றில்லை” என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது மிக எளிது. ஆதலினன்றோ பொருளுக்கு அளவு வரையறுத்துக்கொள்ளும் அணுவிரதத்தை இல்லறத்தார்க்கு வகுத்தனர்! உள்ளத்துப் பற்றின்மைக்குப் புறத்தே காணும் அளவே சான்று.

1948இல் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்ற இராஜாஜி, வைசிராயின் ஆடம்பர அறைகளை விடுத்து, அம்மாளிகையிலேயே சில அறைகள் போதுமெனத் தேர்ந்துகொண்டார். அப்பகுதியே பின்வந்த குடியரசுத் தலைவர்களின் இல்லமாயிற்று. வைசிராயின் அறைகள் விருந்தினர்க்கு உரியவாயின. ஒருவர் தமக்கு வகுத்துக்கொண்ட அளவு, பின்வந்தோர்க்கு மரபாயிற்று.

என் நிலையையும் கூறிவிடுகிறேன். நானும் என் துணைவியாரும் மட்டுமே வாழும் வீட்டின்மேல் மற்றொரு மாடி எழுப்ப, மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்க நாள் பார்த்திருந்தேன். வாயிலில் என் பெயர் பொறித்த பளிங்குக் கல்லும் பதிக்க எண்ணம். “பிள்ளைகளுக்காக” என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளோ ஒருபோதும் கேட்டதில்லை. மாடியைக் கைவிட்டேன். பளிங்குக் கல்லின் ஆசை மட்டும் இன்னும் முற்றாக அகன்றபாடில்லை.

அன்பர்களே! பேத்தியின் வினாவை நம் வீட்டு வாயிலில் நின்று நாமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். நமக்கு எத்துணை போதும் என்பது அப்போது தெளிவாகும்.