யார் செய்த தப்பு?

நாற்பத்தெட்டு வயது நண்பர். நெஞ்சு வலி என்று நள்ளிரவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் போனேன். ஐ.சி.யூ. வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். பார்க்க வந்தவர்கள் அவரிடம் கேட்டதெல்லாம் இதுதான்:

‘‘தம் அடிப்பாரோ?’’

‘‘நான்-வெஜ் ஜாஸ்தியா?’’

‘‘வாக்கிங் போகச் சொல்லக் கூடாதாம்மா?’’

குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி நின்ற அந்த அம்மாள், என்னிடம் மெதுவாகக் கேட்டார்: ‘‘அண்ணா, நான் எண்ணெயைக் குறைச்சிருக்கணுமோ?’’

ஏன் இப்படிக் கேட்கிறோம்? பாதி அக்கறை. மீதி பயம். அவர் ஏதோ தப்புப் பண்ணியிருந்தால், அதைப் பண்ணாத நான் தப்பித்துக்கொள்வேன் என்கிற நப்பாசை!

சிகரெட், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சர்க்கரை... இவை இதயத்துக்கு எதிரி என்பதில் சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்தில் 1948 முதல் 5,209 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து, நமக்கு இதைப் புரிய வைத்தார்கள். ஆனால், இதெல்லாம் தனி மனிதன் செய்த தப்பு மட்டும்தானா?

ஃபின்லாந்தின் கிழக்கு ஓரத்தில் வடக்கு கரேலியா என்றொரு மாகாணம். 1970 வாக்கில், இதய நோயால் ஆண்கள் மிக அதிகமாகச் செத்துப்போன பகுதிகளில் ஒன்று. காட்டில் மரம் வெட்டுகிறவர்கள், மாடு வளர்க்கிறவர்கள். சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல முடியாது. ரொட்டியில் வெண்ணெயை அப்பிச் சாப்பிட்டார்கள். ஆண்களில் பாதிப் பேர் புகைத்தார்கள். அப்பாவும் அப்படித்தான், அண்டை வீட்டுக்காரரும் அப்படித்தான். ஊரே விழுகிறது என்றால், ஊரே ஒழுக்கம் கெட்டுவிட்டதா?

1971-ல் அந்த மக்களின் பிரதிநிதிகள் அரசாங்கத்திடம் மனு கொடுத்தார்கள். அடுத்த வருஷம் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் பொறுப்பேற்றார். ஆளைத் திருத்துவதோடு நிற்காமல், ஊரையே மாற்றப் பார்த்தார். இல்லத்தரசிகள் சங்கம் காய்கறி சேர்த்துச் சமைத்துக் காட்டியது. சாசேஜ் தயாரித்தவர்கள் கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்த்தார்கள். பால் பண்ணைக்காரர்கள் சிலர் பெர்ரி பயிரிட்டார்கள். நாற்பது வருஷத்தில், உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவுகள் 80 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தன!

இன்று உலகில் வருஷத்துக்குச் சுமார் 2 கோடிப் பேரை இதய, ரத்தக் குழாய் நோய்கள் கொண்டுபோகின்றன. நாலில் மூன்று பேர் ஏழை, நடுத்தர வருமான நாட்டுக்காரர்கள். அவர்களை ‘நட’ என்கிறோம். நடக்க பிளாட்பாரம் எங்கே?

‘அப்போ நான் ஒண்ணும் பண்ண வேண்டாமா சார்?’ என்பீர்கள். பண்ணணும்! பழி வேறு, பொறுப்பு வேறு. அந்த வெண்ணெய்ப் பழக்கத்தை கரேலியாக்காரர் யாரும் தனியாக உண்டாக்கவில்லை. ஆனால், சேர்ந்து மாற்றினார்கள். நீங்களும் சிகரெட்டைத் தூக்கிப் போடுங்கள். பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே ஆபீஸ் கேன்டீனில் போண்டாவுக்குப் பக்கத்தில் சுண்டலும் வைக்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மாளுக்கு அன்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்வேன்: ‘‘உங்க தப்பு இல்லம்மா.’’

அடுத்த முறை ஐ.சி.யூ. வாசலுக்குப் போனால், காரணம் கேட்காதீர்கள். ‘‘நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?’’ என்று கேளுங்கள்.