விபத்துக்குப் பின் முதல் கடமை



மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டுமே படித்த ஒரு கடைக்காரன், தான் செய்த தவற்றைத் தங்கள் முன் வைக்கிறேன். மன்னித்துக் கேட்க வேண்டும்.

சென்ற ஆண்டு மழைக்காலம். பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தோட்டத்து லயத்துக்குச் சாமான் கொண்டு போன என் கடைப் பையன், அஸர் நேரத்துப் பனிமூட்டத்தில் மோட்டார் சைக்கிளோடு வளைவில் சறுக்கி விழுந்தான். செய்தி வந்ததும் வேனில் ஓடினேன். தேயிலைச் செடிகளின் ஓரமாய்க் கிடந்தான். பேச்சு இருந்தது. நான் செய்ததென்ன? தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றினேன், தண்ணீர் புகட்டினேன், அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வேனில் உட்கார வைத்தேன். கொழுந்து பறிக்கும் பெரியவர் ஒருவர், “முதலாளி, தூக்காதீங்க. 999-க்கு அடிங்க” என்றார். “நீங்க சும்மா இருங்க ஐயா” என்று சொல்லிவிட்டேன். என் பையன், என் பதற்றம், என் அவசரம்!

ஆஸ்பத்திரியில் டாக்டர், காரை எலும்பு முறிந்திருக்கிறது, கழுத்து பிழைத்தது என்றார். நான் தூக்கிய தூக்கில் கழுத்து எலும்பு பிசகியிருந்தால் அவன் ஆயுளுக்கும் படுக்கையாகியிருப்பானாம். அல்ஹம்துலில்லாஹ் என்றேன், வெட்கம் மாத்திரம் போகவில்லை.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு சம்பவம் வருகிறது. பிரயாணத்தில் கல்பட்டுத் தலை உடைந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கூட வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கையில் இல்லை என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் குளித்தார், மௌத்தாகி விட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் கேள்வியுற்றுக் கடுமையாய்ச் சினந்தார்கள். அவர்களே அவரைக் கொன்றார்கள் என்றும், தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றும் கடிந்தார்கள். கூட வந்தவர்கள் கெட்டவர்களல்லர். பிரியமுள்ளவர்கள்தாம். என்னைப் போல!

ஆகவே கேட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்லுகிறேன். முதலில் வளைவுக்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்தி வருகிற வண்டிகளைத் தடுங்கள். பனியில் இரண்டாவது வண்டி வந்து மோதுவதுதான் பெரிய ஆபத்து. விழுந்த மோட்டார் சைக்கிளின் எஞ்சினை அணையுங்கள். யாரும் பீடி பற்ற வைக்கலாகாது. 999-ஐ அழையுங்கள், அந்த இடத்தில் கைத்தொலைபேசி எடுக்கவில்லையானால் ஒருவரை மேட்டுக்கு அனுப்புங்கள். மூச்சு தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தில் கை வைக்காதீர்கள். அப்போதும் ஒருவர் கழுத்தை அசையாமல் பிடிக்க, மற்றவர் மெள்ளக் கழற்ற வேண்டும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். தண்ணீரோ தேநீரோ கொடுக்க வேண்டாம். எழுந்து நடந்தவனும் பிறகு வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடினாலோ, தூக்கத்தில் ஆழ்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

நிற்க. 1987-ம் வருடத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இயன்ற உதவி செய்யவும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லவும் கடமைப்பட்டவர். வேலையில் அடிபட்டால் முதலாளியாகிய நாம் சொக்சோவுக்கு 48 மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும். இங்கேதான் நம்மில் சிலருக்கு நெஞ்சு நடுங்குகிறது. சந்தா கட்டாதவர், “பையன் சொந்த வேலையாய்ப் போனான்” என்று சொல்லிவிடத் துணிகிறார். படுக்கையில் கிடப்பவனிடமிருந்தே அவன் வைத்தியப் பணத்தைப் பறிக்கும் பொய்ச் சாட்சியம் அது. நமது ஜமாஅத்தில் அப்படி ஒருவர் சொன்னதை நான் காதால் கேட்டேன்; பெயர் வேண்டாம்.

கட்டுப் போட்ட கையோடு எப்படி ஒளூ செய்வதென்று பையன் என்னிடம் கேட்டான். இம்முறை எனக்குத் தெரிந்த மாதிரி வாய் திறக்கவில்லை. ஆலிமிடம் அனுப்பினேன். ஈரக் கையால் கட்டின் மேல் தடவிக் கொள்ளவும், தயம்மும் செய்யவும், குனிய முடியாதவரை உட்கார்ந்து தொழவும் அவர் சொல்லிக் கொடுத்தார்.

பையன் இப்போது கடையில் பொட்டலம் கட்டுகிறான். மோட்டார் சைக்கிள் கொட்டகையிலேயே நிற்கிறது. எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கொழுந்து பறிக்கும் பெரியவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன், “அதெல்லாம் விடுங்க முதலாளி, பையன் எப்படி இருக்கான்?” என்றார்.