ருசியும் பந்தமும்

உணவின்மேல் வைத்த பிரியம் ஆத்மாவுக்குப் பந்தமா, அன்றி அதுவும் பக்திக்கு ஒரு வாயிலா என்ற கேள்வியை, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே வாழ்நாளைக் கழித்த என் போன்றவர்கள் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் எங்கள் பக்கத்தில் தெய்வ தரிசனத்தின் ஞாபகமும் பால்கோவாவின் ஞாபகமும் பிரிக்க இயலாதபடி கலந்து கிடக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, வடபத்ரசாயியையும் ஆண்டாளையும் சேவித்துத் திரும்புகையில், விறகடுப்பின்மேல் அகன்ற சட்டியில் பால் சுண்டச் சுண்டக் கை ஓயாமல் கிளறிக்கொண்டிருப்பவரின் எதிரே நாங்கள் நின்றுவிடுவோம். பாலும் சர்க்கரையும் அன்றி அதில் வேறு சரக்கு கிடையாது. மற்றதெல்லாம் நெருப்பும் பொறுமையுமே. ராஜபாளையத்திலோ, கோடையில் சப்பட்டை மாம்பழமும், இரவில் தகப்பனார் எங்களை அழைத்துச் செல்லும் புரோட்டாக் கடையும் உண்டு. அந்தக் கடை இன்று இல்லை, அவரும் இல்லை. ஆயினும் சால்னாவின் மணம் எங்கேனும் எழுந்தால், பிள்ளைகள் உண்டு முடிக்கும்வரை தாம் இலையில் கை வைக்காமல் காத்திருந்த அவர் முகமே முதலில் நினைவுக்கு வருகிறது.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் நுட்பமான ஒன்றைக் கூறுகிறார்: உபவாசம் இருப்பவனை விட்டு விஷயங்கள் விலகுகின்றனவே தவிர, அவற்றின்மேல் உள்ள ருசி விலகுவதில்லை, பரம்பொருளைக் கண்ட பின்பே அதுவும் நீங்குகிறது. வைராக்கியத்தின் எல்லையை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட உபதேசம் அபூர்வம். எனினும், ருசி நீங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெண்பிள்ளையின் வழி வேறாகத் தெரிகிறது. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்கி நோன்பு தொடங்கும் ஆண்டாள், இருபத்தேழாம் பாசுரத்தில் முழங்கையில் நெய் ஒழுகும்படி பாற்சோற்றை வேண்டுகிறாள். அதையும் தனித்து உண்ண அன்று, தோழியர் எல்லாரும் ஒருங்கே அமர்ந்து உள்ளம் குளிர்வதற்காக. கூடாரவல்லி நாளில் வைணவக் கோயில்களில் அக்காரவடிசில் நிவேதனமாவது இதனாலேயே. அவள் விலக்கியது ருசியை அன்று, தனிமையில் நுகரும் ருசியை என்றே நான் கொள்கிறேன். நம்மாழ்வாரோ இன்னும் ஒரு படி மேலே சென்று, தாம் உண்ணும் அன்னமும் அருந்தும் நீரும் மெல்லும் தாம்பூலமும் கண்ணனே என்று கருதியவர்.

மறைந்த கடையின் ருசியை நினைப்பது ஆசையின் வேறொரு வடிவம் அல்லவா என்று வாதிக்கலாம். ஆசை பெற விரும்புகிறது. இந்த ஸ்மரணமோ, பெற முடியாதென்று அறிந்தும் அன்பு குன்றாமல் நிற்கிறது. ஆனால் அதிலும் ஓர் அபாயம் உண்டு: எங்கள் ஊர்ப் பண்டமே உசத்தி, அந்தக் காலமே காலம் என்ற அகங்காரம் புகுந்துவிட்டால், நன்றியாக இருந்தது பற்றாகத் திரிந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் மகிழ்ந்தேன். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, நேப்பிள்ஸ் நகரத்தார் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ மானிடப் பாரம்பரியமாக ஏற்றபோது அந்நகரத்தாரும் இதே மகிழ்ச்சியைத்தானே அடைந்திருப்பார்கள்! இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பீட்சாவைச் சுற்றி அமர்ந்து துண்டு துண்டாகப் பகிர்ந்து உண்ணும்போது, அவர்களுக்குள் சேகரமாகும் ஞாபகம் எங்களுடையதைவிடத் தாழ்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பகிரும் உணவு உறவாக மாறுவதற்கு ஆண்டாளிடமே சான்று உண்டு. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். அவள் காலத்துக்கு வெகு பின்னர் வந்த ராமாநுஜர், அந்தப் பிரார்த்தனையைத் தம்முடைய கடனாக எண்ணி அழகர் சந்நிதியில் நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர, ஆண்டாள் முன்வந்து அவரை அண்ணா என்று அழைத்தாள் என்பது சம்பிரதாயம். உடன்பிறந்தாளின் நேர்த்தியைத் தமையன் அன்றோ முடித்து வைப்பான்! அதனாலேயே சந்நியாசியான அந்த மகானுக்குக் கோயில் அண்ணன் என்ற உறவுப் பெயர் இன்றளவும் வழங்கி வருகிறது.